சாவியக்கா கட்டிய கொடி

ஆள் இல்லாத வீட்டுக்குள் நுழையும் முன் சாவியக்கா வாசலில் நின்று ஒரு தடவை இருமுவாள். பிறகு “நான்தான்” என்பாள். அதற்கப்புறம்தான் பூட்டில் சாவியை விடுவாள். உள்ளே யாரும் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு கிளம்பியபோது சாவியைக் கை நீட்டி வாங்கியவளே அவள்தான். இருந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவர் வீட்டுக்குள் போவது அவளுக்கு ஒத்துவராது. வீடு பயந்துகொள்ளும் என்பாள். பயப்படுவது வீடா அவளா என்று கேட்கத் தெருவில் யாருக்கும் தைரியம் இல்லை. கேட்பதற்கு ஆளும் அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.

பொழுது சாயும்போது அவள் சுற்று ஆரம்பிக்கும். வாத்தியார் வீட்டில் கூடத்து விளக்கைப் போட்டு ரேடியோவைத் திருப்பிவிடுவாள். பேக்கரிக்காரர் வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவிடுவாள். ஜன்னல் வழியே ஆவி போனால் சமையல் நடக்கிற மாதிரி இருக்குமாம். நர்ஸம்மா வீட்டில் வாளியை நிரப்பி வாசலைக் கழுவிவிடுவாள். கடைசியாக, ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கமும் போய், கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிட்டு வேறு துணியைக் காயப்போடுவாள். ஒரே சட்டை வாரக்கணக்கில் தொங்கினால் பார்க்கிறவன் என்ன மடையனா?

துணிக்குப் பஞ்சமில்லை. அவள் பிழைப்பே துணிதான். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியோடு தெருமுனையில் தள்ளுவண்டி வைத்திருந்தவள். வீடு வீடாகப் போய் வாங்குவாள், தேய்த்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். தெரு காலியாக ஆரம்பித்தபோது, திருப்பிக் கொடுக்க ஆளில்லாத துணிகள் அவள் வீட்டில் மூட்டையாகச் சேர்ந்தன. சாவிகளும் சேர்ந்தன. அப்படித்தான் இஸ்திரிக்கார அக்கா சாவியக்கா ஆனாள்.

தெரு ஏன் காலியானது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏரிக்கரையை ஒட்டிய அந்த இடம் ஒரு கம்பெனிக்கு வேண்டியிருந்தது. கப்பலில் வரும் சாமான்களை அடுக்கிவைக்கப் பெரிய கிடங்கு கட்டப் போகிறார்களாம். முதலில் இனிக்க இனிக்கப் பேசினார்கள். யாரும் மசியவில்லை. பிறகு தெருவுக்கு வரும் பாதையின் குறுக்கே பள்ளம் வெட்டினார்கள். கூரைமேல் கல் விழுந்தது. தெரு நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நாய் குரைத்தால்கூடத் தூங்கிவிடலாம், நாயே இல்லாத தெருவில் எப்படித் தூங்குவது? பிள்ளைகுட்டி உள்ளவர்கள் சாவியைச் சாவியக்காவிடம் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். யாரும் விற்கவில்லை. யாரும் கையெழுத்துப் போடவில்லை. “போயிட்டு வர்றோம் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. அங்கே யாருமே குடியிருக்கவில்லை, கைவிட்ட இடம் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர ஓர் அதிகாரியை அனுப்புவதாகக் கோர்ட்டு சொன்னது. எப்போது வருவார் என்று சொல்லவில்லை. ‘காலி’ என்று அவர் எழுதிவிட்டால் கதை முடிந்தது.

தெருவுக்காக வாதாடிய வக்கீலம்மா அப்போது சாவியக்காவைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னாள்.

“அக்கா, ஒரு பொய் கூடச் சொல்லக் கூடாது. வீடுகளைப் பார்த்துக்கங்க, விளக்குப் போடுங்க, கூட்டிப் பெருக்குங்க, அதுல தப்பே இல்ல. வீட்டுக்காரங்க எங்கன்னு கேட்டா, அவங்க உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனாங்களோ அதை மட்டும் சொல்லுங்க.”

“போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாங்க.”

“அதேதான். அது போதும்.”

சாவியக்கா சிரித்தாள். “ஊர்ல எல்லாரும் போராட்டம்னா கொடி பிடிப்பாங்க. நான் துணி காயப்போடுற கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

இந்தக் கேலியெல்லாம் அவளுடைய தம்பியிடமிருந்து ஒட்டிக்கொண்டது. தம்பி குழாய் ரிப்பேர்க்காரன். தெருச் சங்கத்தை ஆரம்பித்தவனும் அவன்தான். குழாய் ஒழுகினால் வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் போய்ச் சரிசெய்ய, எல்லா வீட்டுச் சாவிக்கும் ஒரு நகல் அவனிடம் இருந்தது. சாவிகள் குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத் துணித்துண்டைக் கட்டிக் கொடுத்தவர் பக்கத்துவீட்டுத் தையல்காரர். அக்காவிடம் ஒரு கொத்து, தம்பியிடம் ஒரு கொத்து. தெருவில் வேறு யாரிடமும் கிடையாது.

ஒரு நாள் காலை, பச்சைக் கட்டம் போட்ட சட்டையை அவள் தேய்த்துக் கொடுக்க, சூடு ஆறுவதற்குள் மாட்டிக்கொண்டு, சங்கத்து மனுவோடு தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினான் தம்பி. “போயிட்டு வர்றேன்க்கா” என்றான். வரவில்லை. ஆபீசில் கேட்டால் அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். போலீசில் கேட்டால் வயசுப் பையன் எங்காவது போயிருப்பான் என்றார்கள். கம்பெனி ஆட்கள், பேசி முடித்துப் பணம் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான் என்று வதந்தி கிளப்பினார்கள். அந்தப் பேச்சைக் கேட்ட அன்று சாவியக்கா இஸ்திரிப் பெட்டியை ஒரு துணிமேல் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். வாழ்க்கையில் அவள் கருக்கிய ஒரே துணி அதுதான்.

அடுத்த நாளே தையல்காரரும் கிளம்பினார். மெஷினைச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றியிருந்தார். முகத்தைக் காட்டவில்லை. சாவியும் கொடுக்கவில்லை. வாசலைத் தாண்டும்போது, “போறேன்மா” என்றார்.

சாவியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணே, என்ன பேச்சு இது? போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சாவுக்குப் போனால்தான் மனிதர்கள் அப்படிச் சொல்லாமல் போவார்கள். இந்த மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அவளுக்கு அப்போதே புரிந்துபோனது. வாசலில் நின்றபடியே திட்டித் தீர்த்தாள். அன்றிலிருந்து அவர் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த ஒரு வீட்டில் மட்டும் விளக்கில்லை.

மீதமிருந்தது எதிர்வீட்டுக் கம்பவுண்டர் ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. எனக்குக் கல் விழுந்தாலும் ஒன்றுதான், பூ விழுந்தாலும் ஒன்றுதான் என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

பூட்டிய வீடுகளில் ஏதோ மாறுகிறது என்று முதலில் காட்டியது வாத்தியார் வீட்டுக் குழாய்தான். அது சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு அவள் பழகியிருந்தாள். ஒரு சாயங்காலம் இருமி, “நான்தான்” சொல்லி உள்ளே போனால், சத்தம் இல்லை. கூடத்தில் நின்று கேட்டாள். வீடு காதைப் பொத்திக்கொண்டது போல இருந்தது. சமையலறைக்குப் போனால் குழாய் ஒழுகவில்லை. அந்த அரை இருட்டில் குனிந்து பார்க்க மனம் வராமல் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அப்புறம் நர்ஸம்மா வீட்டில் ஒரு டம்ளர். கவிழ்த்து வைத்தது கவிழ்ந்தபடியே இருந்தது, ஆனால் ஈரமாக இருந்தது. பேக்கரிக்காரர் வீட்டில் நின்றுபோயிருந்த சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் வாத்தியார் வீட்டு நாற்காலியில் கையை ஊன்றினாள். மரம் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள். இஸ்திரிக்காரியின் கைக்குச் சூடு தெரியாதா? மயிர்க்கூச்செறிய, கும்பிட்டபடியே பின்னால் நடந்து வாசலுக்கு வந்தாள்.

வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு அந்த எண்ணம் தட்டியது. பூட்டு எதுவும் உடையவில்லை. சாவி போட்டுத் திறந்தால்தான் உண்டு. இன்னொரு கொத்து யாரிடம் இருக்கிறது? ஒழுகும் குழாயைப் பார்த்தால் யாருக்குக் கை சும்மா இருக்காது?

பயம் போன இடம் தெரியவில்லை. தெரு நடுவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். எதிரே நாற்காலியில் இருந்த கம்பவுண்டர், “ஏம்மா, உடம்புக்கு முடியலையா?” என்றார்.

“ஒண்ணுமில்லய்யா. தூசு.”

யாரிடமும் மூச்சு விடவில்லை. வக்கீலம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒளிந்திருக்கிறான் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்? அடுத்த நாள் வாத்தியார் வீட்டுச் சமையலறையில் ஒரு தட்டில் சாப்பாடு போட்டு மூடி வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் பார்த்தால் தட்டு காலி. கழுவித் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அது கொஞ்சம் உறுத்தியது. அவள் தம்பி பிறந்ததிலிருந்து ஒரு தட்டைக் கழுவியவன் இல்லை. சாப்பிட்ட இடத்திலேயே கையைக் கழுவுகிற துரை. போன இடத்தில் பட்டுத் திருந்தியிருப்பான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆசைப்பட்ட மனசு எதைச் சொன்னாலும் நம்பும்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தன் வீடு மறந்தே போனது. காலையில் இவர்கள் வீட்டைக் கூட்டுவாள், மத்தியானம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். சமைப்பது வாத்தியார் வீட்டில், குளிப்பது நர்ஸம்மா வீட்டில், படுப்பதும் எங்காவது ஒரு கூடத்தில். வீடுகளோடு பேசினாள். தம்பிக்குக் கேட்கட்டும் என்று தெருச் செய்தியெல்லாம் சத்தமாகச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று கேட்பது போலவே இருக்கும். நிறுத்தினால், அங்கேயும் மூச்சை நிறுத்துவது போல இருக்கும்.

ஒரு சாயங்காலம் பேக்கரிக்காரர் வீட்டு வாசலில் நின்று வழக்கம்போல இருமினாள். உள்ளேயிருந்து பதிலுக்கு ஓர் இருமல் வந்தது.

அடக்கப் பார்த்தும் அடங்காமல் வந்துவிட்ட இருமல்.

“தம்பி?” என்றாள்.

சத்தமில்லை.

“வெளியே வராதடா. எதுவும் சொல்லவும் வேணாம். இருக்கேன்னு மட்டும் காட்டு.”

பிறகு உள்ளே, இருட்டில், சாவிக்கொத்து ஒரு தடவை குலுங்கியது.

பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினால் போதும். சாவி கையில்தான் இருந்தது. அவள் தள்ளவில்லை. ஏன் தள்ளவில்லை என்று பின்னால் வக்கீலம்மா கேட்டாள். அப்போது சாவியக்கா சொன்னது: “பார்த்துட்டா, இல்லேன்னு ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு.”

இருமல் கேட்டதற்கு மறுநாள் காலையில் கோர்ட்டு அதிகாரி வந்து இறங்கினார். கம்பெனி வக்கீல் கூடவே வந்தார். பள்ளத்தில் வண்டி இறங்காததால் இருவரும் பேன்ட்டை மடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். பின்னாலேயே வக்கீலம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாள். அதிகாரி நல்ல மனிதராகவும் தெரியவில்லை, கெட்டவராகவும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகும் பழக்கம் மட்டும் இருந்தது.

வாத்தியார் வீடு. கூடம் பெருக்கிக் கிடந்தது, கொடியில் ஈரத்துணி.

“வீட்டுக்காரர் எங்கே?”

“போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு, சார்.”

பேக்கரிக்காரர் வீடு. அடுப்பில் வெந்நீர்.

“இவங்க?”

“போயிட்டு வர்றோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க, சார்.”

கம்பெனி வக்கீல் வாய்க்குள் சிரித்தார். “எல்லாரும் ஒரே பாட்டா இருக்கே!”

“நீங்க வீட்ல என்ன சொல்லிட்டுக் கிளம்புனீங்க?” என்று திருப்பிக் கேட்டாள் சாவியக்கா. அதிகாரி இருமிக்கொண்டே அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

இப்படியே வந்து, ஒரு வீட்டின் முன்னால் நின்றார்கள். வாசலில் சருகு குவிந்திருந்தது. ஜன்னலில் ஒட்டடை. கதவின் கீழ் மண் அணை கட்டியிருந்தது. கூட்டமாக வந்தவர்களில் முதலில் வாயைத் திறந்தவர் கம்பெனி வக்கீல். “இதுல நிச்சயமா யாரும் இல்ல, சார். பார்த்தாலே தெரியுது.”

அதிகாரி தலையாட்டினார். “ஆமா. இது காலிதான். யார் வீடும்மா இது?”

சாவியக்கா அந்தச் சருகையும் ஒட்டடையையும் பார்த்தாள். ஊரார் வீட்டையெல்லாம் உயிரோடு வைத்திருந்தவள், தன் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டுக் கம்பவுண்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

“என்னோடது, சார்” என்றாள் கடைசியில். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. தான் செத்துப்போனதை அடுத்தவர் சொல்லிக் கேட்பது போல இருந்தது.

“நீங்க இங்கயா குடியிருக்கீங்க?” அதிகாரிக்கே சங்கடமாகிவிட்டது. “பின்பக்கத்தையும் பார்த்துடலாம்.”

பின்பக்கம் போனார்கள். கொடியில் ஒரே ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பச்சைக் கட்டம் போட்டது. இப்போதுதான் துவைத்தது, விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே மண் நனைந்திருந்தது.

சாவியக்கா கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சட்டை லேசாக ஆடியது.

“இது யாரோடது?” என்றார் அதிகாரி.

“என் தம்பியோடது.”

“அவர் எங்கே?”

“போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான், சார்” என்றாள். அந்த வார்த்தையை அன்று காலை முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். இந்தத் தடவை வக்கீலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாவியக்கா சட்டையைத் தொட்டாள். தோளிலிருந்து பாக்கெட் வரை கிழிந்து, அந்தக் கிழிசலை யாரோ நுணுக்கி நுணுக்கித் தைத்திருந்தார்கள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தெருவில் அந்தக் கை ஒருவருக்குத்தான் உண்டு. கிழிசலைச் சுற்றி, எத்தனை தடவை துவைத்தும் போகாத பழுப்புக் கறை. துணியில் எது போகும் எது போகாது என்று அவளுக்கா தெரியாது? வாத்தியார் வீட்டுக் குழாய் நினைவுக்கு வந்தது. குனிந்து பார்த்திருந்தால் அங்கே வாஷர் மாற்றியிருக்காது, துணி சுற்றிக் கட்டியிருக்கும். கழுவிச் சாய்த்த தட்டு நினைவுக்கு வந்தது. தம்பி தட்டுக் கழுவியதே இல்லை.

“அண்ணே, வெளியே வாங்க” என்றாள், வீட்டைப் பார்த்து.

பின்கதவு திறந்தது. தாடியும் மீசையுமாய், பாதி உடம்பாய், தையல்காரர் வந்து நின்றார். கையில் தம்பியின் சாவிக்கொத்து. பேக்கரிக்காரர் வீட்டு வாசலில் நின்று அவள் கெஞ்சியபோது ஏன் குலுக்கினார் என்று கேட்டதற்கு, “நீ கெஞ்சினதைத் தாங்க முடியல தங்கச்சி, வாயைத் திறக்கவும் தைரியம் வரல” என்று மட்டும் சொன்னார்.

பிறகு அதிகாரியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தம்பியைச் சில ஆட்கள் வழிமறித்து ஒரு வேனில் இழுத்துப் போட்டதைப் பார்த்தவர் அவர்தான். பிடித்து இழுத்ததில் சட்டை தோளிலிருந்து கிழிந்து, கழன்று சாக்கடையோரம் விழுந்தது. அதையும், கூடவே விழுந்த சாவிக்கொத்தையும் பொறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். அன்று இரவே அந்த ஆட்கள் அவர் வீட்டுக்கு வந்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். போன ஊரில் மெஷின் முன் உட்கார்ந்தால் கால் மிதிக்கவில்லை. ஏரி வழியாகத் திரும்பி வந்தவர், தன் வீட்டுக்குள் போக முகமில்லாமல், அவள் விளக்குப் போட்ட வீடுகளிலேயே ஒதுங்கிக் கிடந்தார். முந்தின நாள் அவள் கெஞ்சியதைக் கேட்டபின், இனி மறைக்கக் கூடாது என்று சட்டையைத் துவைத்து அவள் கொடியில் போட்டிருந்தார்.

“வேனுக்குள்ள போடும்போது அசைவே இல்லம்மா” என்றார். அதைச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனி வக்கீல், “சார், நாம வீடு பார்க்கத்தான் வந்தோம், இதெல்லாம்...” என்று ஆரம்பித்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். “வீட்ல இருக்கிற ஆளு பேசறாரு. கேட்டுத்தானே ஆகணும்.” அவரே சட்டையைக் கொடியிலிருந்து எடுக்கப் போனார்.

“இருங்க” என்றாள் சாவியக்கா.

உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியில் கரியைப் போட்டு ஊதினாள். எல்லாரும் நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஈரச்சட்டைமேல் பெட்டி போகும்போது சுர்ரென்று ஆவி எழுந்தது. காலரைத் தேய்த்தாள், கையைத் தேய்த்தாள். கிழிசல்மேல் மட்டும் பெட்டியை வைக்காமல் சுற்றிப் போனாள், வலிக்கும் என்பது போல. மடித்து வக்கீலம்மா கையில் கொடுத்தபோது சட்டை சூடாக இருந்தது. அன்று காலை அவன் மாட்டிக்கொண்டபோது இருந்த அதே சூடு.

தையல்காரர் சாட்சி சொல்ல வக்கீலம்மாவோடு நகரத்துக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, “போயிட்டு வர்றேன்மா” என்றார்.

“நில்லுங்கண்ணே. நானும் வர்றேன். உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன்.”

தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனாள். இரண்டு சாவிக்கொத்தையும் கம்பவுண்டர் மடியில் வைத்தாள். “கம்பவுண்டரய்யா, சாயங்காலம் எல்லா வீட்லயும் விளக்கைப் போட்டுடுங்க. தையல்காரண்ணன் வீட்லயும்தான். என் வீட்டுக் கொடியில துணி காயணும்.”

“யாரு துணிம்மா?”

“என்னோடதுதான். பூப்போட்ட நைட்டி மூட்டைமேலேயே இருக்கு.”

“அடக் கடவுளே, என்னைப் போய்...” என்று கிழவர் தலையைச் சொறிந்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “எப்பம்மா வருவ?” என்றார்.

சாவியக்கா பதில் சொல்லத் திரும்பினாள். எத்தனை பேர் சொல்லிக் கேட்டு வைத்த வார்த்தை, எத்தனை வாசலில் வாங்கி வைத்த வார்த்தை.

“போயிட்டு வர்றேன்” என்றாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் அவள் வீட்டு வாசலில் நின்று கம்பவுண்டர் ஒரு தடவை இருமினார். “நான்தான்” என்றார். கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் பூட்டில் சாவியை விட்டார்.